நூற்று நாற்பத்து நான்கு பொத்தான்கள்

அத்தியாயம் 5

மூன்று பார்சல்கள் ஆதிலட்சுமியின் மேசைமேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மூன்றிலும் தபால்காரர் சிவப்பு மையில் ஒரே வரியை எழுதியிருந்தார்: ‘இந்த எண்ணில் வீடு இல்லை.’

“உள்ள இன்னாம்மா? வெடிக்கிற சாமானா?” என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான் பாவாடை.

“பொத்தான்” என்றாள் பார்சல்களைக் கொண்டுவந்த லமீஸ்.

“சட்டைப் பொத்தானா?”

“ஒவ்வொண்ணுலயும் நூத்தி நாப்பத்தி நாலு இருக்கு.”

“அவ்ளோ நீளச் சட்டையை யாரு போடறாங்க?”

ஆதிலட்சுமி ஒரு பார்வை பார்த்தாள். பாவாடை வாயை மூடிக்கொண்டான். எப்படியும் ஒரு நிமிடத்துக்குமேல் மூடியிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருடம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவள் அவள். எக்ஸ்சேஞ்ச் முழுக்க இயந்திரமானதும் ஓய்வு வாங்கிக்கொண்டு, பாரதி வீதியில் ஒரு பேக்கரியின் மாடியைப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பாவாடை ஒருநாள் அவளைச் சவாரிக்கு ஏற்றினான். அன்றைக்கு இறங்கியவள் அவனையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“முதல்லேர்ந்து சொல்லும்மா.”

லமீஸுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பக்ருதீனுக்குப் பொத்தான் கடை. கொட்டாங்கச்சியில், சிப்பியில், மரத்தில் கடைந்த பொத்தான்கள். அவளுடைய அண்ணன் ரிஹான் அதை இன்டர்நெட்டில் விற்க ஒரு கடை திறந்தான். படம், விலை, பார்சல் செலவு எல்லாம் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாங்குகிறவன் கார்டு எண்ணைப் போட்டால் பணம் வந்து சேர வேண்டும். அதைச் செய்து கொடுக்கிற கம்பெனி சென்னையில் இருந்தது.

“அவங்க கேட்ட காகிதம் ஒண்ணா ரெண்டா! கடை லைசென்ஸ், பேங்க் கடிதம், சரக்கு பிடிக்கலைன்னா திருப்பி வாங்கிக்குவோம்னு ஒரு பக்கம்...”

“வாங்கின பொத்தானைத் திருப்பிக் குடுக்க யாராச்சும் வருவாங்களா?” என்றான் பாவாடை. நிமிடம் முடிந்திருந்தது.

“அதையேதான் எங்கண்ணனும் கேட்டுச்சு.” லமீஸ் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “அது போயி மூணு மாசமாச்சுக்கா. காய்ச்சல். நாலே நாள்தான்.”

ஆதிலட்சுமி தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அண்ணன் விட்ட இடத்திலிருந்து லமீஸ் தொடர்ந்தாள். கடை இன்னும் சோதனை நிலையில்தான் இருந்தது. அதாவது கம்பெனி ஒரு பொய்க் கார்டு எண் கொடுத்திருக்கும். நாலில் தொடங்கி, அப்புறம் பதினைந்து ஒன்று. அதைப் போட்டு அழுத்தினால் பணம் வந்ததுபோல எல்லாம் நடக்கும். ஆனால் பணம் வராது. வேலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் அது.

“அண்ணனை அடக்கின அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு ஆர்டர் வந்துச்சு. அண்ணன் சோதனையை முடிச்சுட்டுப் போயிருக்கு, நிஜ ஆர்டர்னு நெனச்சு அழுதுட்டேன்க்கா. ராத்திரியெல்லாம் எண்ணிப் பார்சல் கட்டி அனுப்பினேன். திரும்பி வந்துருச்சு. மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி ஆர்டர். மூணு பார்சலுக்கு அப்புறம்தான் கம்பெனிக்காரங்க சொன்னாங்க, அது எல்லாமே பொய்க் கார்டுன்னு. நான் அனுப்புறதை நிறுத்தினேன். அவன் நிறுத்தல. பதினோரு வெள்ளிக்கிழமை ஆகுது.”

“பேரு?”

“முதல் கஸ்டமர்னு போடறான். அண்ணன் சோதனைக்காகத் தொடங்கி வச்ச கணக்கு அது. அதுக்குள்ளயே பூந்துட்டான்.”

“விலாசம்?”

“நாப்பத்தி ஒண்ணு, இலுப்பந்தோப்பு சந்து. எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“நேரம்?”

“ரெண்டு பத்து, ரெண்டு பதினஞ்சு. வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்குக் கடை மூடினா மூணு மணிக்குத்தான் திறப்போம். நாங்க இல்லாத நேரமா பாத்து விளையாடறான்.”

ஆதிலட்சுமி பழைய காலண்டர் தாளின் முதுகில் குறித்துக்கொண்டாள். வெள்ளி. இரண்டு பத்து. 41. 144.

“இதுல உனக்கு நஷ்டம் தபால் செலவுதானேம்மா?”

“இல்லக்கா.” லமீஸின் குரல் இறங்கியது. “லியோன்ல ஒரு பிரெஞ்சு அம்மா துணி தைக்கிற கம்பெனி வச்சிருக்காங்க. நம்ம பொத்தானை ஆரோவில்ல பார்த்துட்டு எழுதியிருக்காங்க. எரநூறு குரோஸ் வேணுமாம். திங்கக்கிழமைக்குள்ள கார்டுல பணம் கட்ட வழி பண்ணலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னுட்டாங்க. அது வந்தா கடை நிக்கும். இல்லைன்னா மாசக் கடைசியில சாவியைக் கட்டடக்காரர் கையில குடுக்கணும். சென்னைக் கம்பெனி ரெண்டு கேக்குது. ஒண்ணு, இந்தக் கள்ள ஆர்டர் யாருன்னு தெரியணும். ரெண்டு, கடைக்காரர் கையெழுத்து. கடை அத்தா பேருல இருக்கு.”

“அத்தா?”

“போட மாட்டேங்கிறாரு. அண்ணன் இருந்தப்பயும் போடல. முகம் தெரியாதவன் எப்படிக் காசு குடுப்பான்னு கேப்பாரு. இப்ப அதுகூடக் கேக்கறதில்ல. பாரத்தை நீட்டினா எழுந்து போயிடறாரு. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. பேச்சே இல்லக்கா.” அவள் எழுந்தாள். “செத்துப்போனவன் வேலைல விளையாடறவன் யாருன்னு என் கண்ணால பார்க்கணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவன் உக்கார்ற நேரம் எனக்குப் போன் பண்ணுங்க. சத்தியம் பண்ணுங்க.”

ஆதிலட்சுமி சத்தியம் பண்ணினாள். அன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

லமீஸ் சந்தேகப்பட்ட ஆள் ஒருவன் இருந்தான். பெயர் அன்பழகன். ரிஹானோடு சேர்ந்து அந்தக் கடையைக் கட்டியவன். பொய்க் கார்டு எண் அவனுக்கு மனப்பாடம். ரெட்டியார்பாளையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பாவாடையின் மொபெட் பதினைந்தாவது நிமிடம் அங்கே போய் நின்றது.

“நாலு கேள்வி கேட்டுப் பொறி வைங்கக்கா” என்று கிசுகிசுத்தான் பாவாடை.

“ஒரு கேள்வி போதும்.”

அன்பழகன் தாடி மழிக்காமல் இருந்தான். ரிஹான் பெயரைக் கேட்டதுமே முகம் தொங்கிவிட்டது. ஆதிலட்சுமி கடை விஷயத்தையே எடுக்கவில்லை.

“தம்பி, எனக்குக் கொஞ்சம் கொட்டாங்கச்சிப் பொத்தான் வேணும். ரவிக்கைக்கு, தலையணை உறைக்கு. எத்தனை வாங்கலாம்?”

“ஒரு... நூறு வாங்குங்க மேடம். மிஞ்சினா ஐம்பது.”

“நன்றி தம்பி.”

எழுந்தவள் பாதியில் நின்றாள். “அந்தப் பொய்க் கார்டு எண் உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சா?”

“லமீஸுக்குத் தெரியும். அப்புறம்... யாருக்கோ செஞ்சு காட்டப் போறேன்னு ரிஹான் ஒரு அட்டையில எழுதிக்கிட்டிருந்தான். வெள்ளிக்கிழமை காட்டறேன்னான். அந்த வெள்ளிக்கிழமை அவர் வரலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான். யாருன்னு நான் கேக்கல.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கேட்டிருக்கலாம்.”

வெளியே வந்ததும் பாவாடை பொறுக்கமாட்டாமல் கேட்டான். “இன்னாக்கா, ரவிக்கைக்கு நூறு பொத்தான்னு சொன்னதுக்காக அவனை விட்டுட்டீங்களா? அதுக்கே உள்ள தள்ளலாமே!”

“கம்ப்யூட்டர்க்காரன் பொத்தான் வாங்கினா நூறுன்னு வாங்குவான். ஐம்பதுன்னு வாங்குவான். நீ எத்தனை வாங்குவே?”

“நான் ஊக்கு குத்திக்குவேன்.”

“பன்னெண்டு டஜன் ஒரு குரோஸ். நூத்தி நாப்பத்தி நாலு. பொத்தான் வியாபாரத்துல பொறந்து வளர்ந்தவனுக்கு அதுதான் ஒண்ணு. கம்ப்யூட்டர் எத்தனை வேணும்னு கேட்டதும் அவன் கை தானா நூத்தி நாப்பத்தி நாலுன்னு போட்டுருக்கு. பதினோரு தடவையும். திருடப் போறவன் கணக்கு மாத்துவான் பாவாடை. இவன் மாத்தவே இல்ல.”

“அப்ப எதிர்க்கடைக்காரன்?”

“விலாசத்தைப் பாத்துட்டு வரலாம், வண்டியை எடு.”

இலுப்பந்தோப்பு சந்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடலூர் சாலையிலிருந்து உள்ளே வளைந்து, ஒரு ஆட்டோவே திணறிப் போகக்கூடிய முடுக்கு. ஒரு பக்கம் ஒன்பது வீடுகள். எண்ணி ஒன்பதுதான். எதிர்ப்பக்கம் நெடுக ஒரு சுவர். சுவரின் நடுவில் பச்சை வர்ணம் அடித்த சின்ன இரும்புக் கதவு.

“ஒம்போதுலேர்ந்து நாப்பத்தி ஒண்ணுக்குத் தாவணும்னா நடுவுல முப்பத்தியொரு வீட்டை எவனோ தூக்கிகினு போயிருக்கணும்” என்றான் பாவாடை. “பெரிய கேஸுக்கா இது.”

கதவருகே ஒரு கிழவர் வேப்பங்குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தார். இது எந்த இடம் என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

“மையவாடிம்மா. பெரிய வாசல் ரோட்டுப் பக்கம் இருக்குது. இது பின்வாசல்.”

முஸ்லிம்களின் அடக்கத் தலம். ஆதிலட்சுமி பச்சைக் கதவைப் பார்த்தாள்.

“உள்ள நம்பர் இருக்குமா?”

“புதுசா அடக்குற வரிசைக்கு நம்பர் உண்டு. ஆம்பிளை யாராச்சும் போய்ப் பாருங்க. பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் இல்ல.”

பாவாடை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நாலு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தவன் செருப்பை மாட்டினான். வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். மறுபடி சட்டைப்பையில் போட்டான்.

“நாப்பத்தி ஒண்ணு இருக்குதுக்கா.” அவனிடம் அந்தக் குரல் இருப்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. “தலமாட்டுக் கல்லுல ரிஹான்னு எழுதியிருக்குது. சுத்தியும் தண்ணி தெளிச்சு வச்சிருக்காங்க. செடி ஒண்ணு நட்டிருக்கு.”

சுவரின் நிழலில் ஒதுங்கி நின்று ஆதிலட்சுமி காலண்டர் தாளை விரித்தாள். காலையில் தப்புத் தப்பாகப் பொருள் கொண்ட ஒவ்வொன்றும் இப்போது முகத்தைத் திருப்பிக் காட்டியது.

லமீஸ் இந்த விலாசத்தைத் தெரியாது என்றாள். உண்மைதான். அவர்கள் வீட்டுப் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. அவளுடைய அண்ணன் எந்த வரிசையில், எத்தனாவது எண்ணில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆண்களுக்குத் தெரியும். மண் தள்ளியவர்களுக்குத் தெரியும். இரண்டு பத்து என்பது கடை மூடியிருப்பதைப் பார்த்து வைத்த நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது முடித்து, இங்கே வந்து நின்று, இறந்தவருக்காகத் துஆ கேட்டுவிட்டு வெளியேறினால் எந்த மனிதனுக்கும் இரண்டு மணி ஆகும்.

ஆண். தொழுகைக்குப் போகிறவன். குரோஸ் கணக்கில் நினைப்பவன். அட்டையில் எழுதிய எண்ணை வைத்திருப்பவன்.

“பாவாடை, இங்கேர்ந்து கிட்டக்க பிரவுசிங் சென்டர் எங்க இருக்கு?”

“முனையிலயே ஒண்ணு பாத்தேன்.”

“நட.”

பெயர்ப்பலகை தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு என்று மூன்று மொழியிலும் இருந்தது. உள்ளே பலகைத் தடுப்புப் போட்ட ஆறு கம்ப்யூட்டர்கள். உரிமையாளர் கமலக்கண்ணனுக்கு அறுபதை நெருங்கும் வயது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த மரியாதை மகனிடமும் ஒட்டியிருந்தது.

“வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றவரா? மதாம், என்கிட்ட வர்றவங்க என்ன பார்க்கறாங்கன்னு வெளில சொல்றது என் வழக்கம் இல்ல.” அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். “ஆனா நீங்க ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கலாம். யாரும் எங்கயும் உக்காரலாம்.”

ஆதிலட்சுமி கடைசித் தடுப்பில் உட்கார்ந்தாள். பாவாடைக்கு வெளியே டீக்கடையில் காவல். யாராவது வந்து உட்கார்ந்ததும் லமீஸுக்குப் போன் அடிப்பது அவன் பொறுப்பு. இடத்தைப் போனில் சொன்னதும் லமீஸ் வந்து, அடுத்த தெருவில் சிநேகிதி வீட்டில் காத்திருந்தாள்.

இரண்டு ஆறுக்குக் கதவு திறந்தது.

வெள்ளைத் தொப்பி. முழங்கால்வரை வெள்ளைச் சட்டை. செருப்பின் ஓரத்தில் ஈர மண். உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. பழகிய இடத்துக்குப் போகிற நடை அது.

“வாங்க பக்ருதீன் பாய்” என்றார் கமலக்கண்ணன்.

சுவரோரமே ஆதிலட்சுமிக்கு இந்தப் பெயர் மனசில் வந்துவிட்டது. அவருடைய தம்பியாக இருக்கட்டும், கடை ஆளாக இருக்கட்டும், வேறு யாராகவாவது இருக்கட்டும் என்றுதான் முனைவரை நடந்தாள். சட்டென்று எழுந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். டீக்கடையில் பாவாடை மொபைலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

போன் போய்விட்டது.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மாதிரிப் பொத்தான் தைக்கிற மஞ்சள் அட்டை. அதன் முதுகைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் எண்ணைத் தேடி அழுத்தினார். நாலு. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒரு எண்ணைத் தவறவிட்டபோது கமலக்கண்ணன் விசைப்பலகையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

ஆதிலட்சுமி பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“பாய், என்னை உங்க பொண்ணு அனுப்பினாங்க.”

அவர் திடுக்கிடவில்லை. எண்ணை முடித்து, ‘வாங்க’ பொத்தானை அழுத்திவிட்டுத்தான் திரும்பினார்.

“போலீஸா?”

“இல்ல. ஆனா திருடனைத் தேடி வந்தேன்.”

“நான்தான்னு சொல்லிடுங்கம்மா.”

“விலாசத்துல ஏன் அந்த எண்ணைப் போட்டீங்க?”

“சரக்கை எங்க அனுப்பணும்னு பெட்டி கேக்குது. எனக்கு இப்பத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்ணுதான்.” அவர் தொப்பியைச் சரிசெய்தார். “நெசமாவே புள்ள பார்சல் கட்டும்னு தெரியாதும்மா. அன்னிக்கு ஒருநாள் பரணைத் தொறந்தா திரும்பி வந்த மூணு பார்சல் இருக்குது. எனக்கு வெக்கமா போச்சு. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரக்கூடாதுன்னுதான் நெனச்சேன். காலு இங்கதான் வந்து நின்னுச்சு.”

“எதுக்காக பாய்?”

“வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வாங்கத்தா, ஒரு வித்தை காட்டறேன்னு சொன்னான். எனக்குக் கோவம். பொத்தான்னா ஆளு வந்து, விரல்ல தடவிப் பாத்து, பல்லுல தட்டிப் பாத்து வாங்கணும். பெட்டியைப் பாத்து எவன் வாங்குவான்? அடுத்த வெள்ளி பாக்கலாம் போடான்னுட்டேன்.” திரையில் இன்னும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. “அடுத்த வெள்ளி அவனைத் தூக்கிட்டு வந்தோம். அதுக்கு அடுத்த வாரம் கடையில இந்த அட்டை கெடைச்சுது. என்ன செய்யணும்னு ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டு எழுதி வச்சிருந்தான். எனக்குப் புரியுற மாதிரி.”

“அழுத்தினீங்க.”

“அழுத்தினேன். கடிதம் வந்துச்சு.”

ஆதிலட்சுமி கமலக்கண்ணனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“பணம் கட்டினதும் வாங்குறவருக்கு ஒரு நன்றிக் கடிதம் தானா போகும் மதாம். அது கடைக்காரங்க கண்ணுல படாது. ரிஹான் அவங்க அத்தாவுக்குக் காட்டத்தான் அதை எழுதியிருக்கான். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கான். பாய்க்கு அது படிக்க வராது. நான்தான் படிச்சுக் காட்டுவேன். பதினோரு வாட்டி படிச்சிருக்கேன். இப்பல்லாம் பாக்காமயே சொல்வேன், ஆனா பாத்துத்தான் படிக்கணும்பாரு.”

“இதைக் காகிதத்துல அச்சடிச்சு வச்சுக்கலாமே பாய்” என்றாள் ஆதிலட்சுமி. சொல்லும்போதே அது எவ்வளவு ஏழைத்தனமான யோசனை என்று உறைத்தது.

“அச்சடிச்சா அது பழைய கடிதம்மா. இது மேல தேதி போட்டு வருது. போன வாரம் போன வாரத் தேதி. இன்னிக்கு இன்னித் தேதி.” தேதி வரப்போகிற இடம் என்று அவர் விரலால் திரையின் மேல்பக்கத்தைத் தொட்டார். “மூணு மாசமா மண்ணுக்குள்ள இருக்கிறவன், இன்னித் தேதி போட்டு எழுதறான். அந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்டா பொய்க் கார்டு செல்லாதுன்னு லமீஸ் சொல்லுது. கடை நெசமாயிடுமாம். நெசக் கடையிலேர்ந்து எனக்கு யாரு எழுதுவா?”

தன் தொழிலில் ஆதிலட்சுமி எத்தனையோ பிடிவாதங்களைப் பார்த்திருக்கிறாள். சொத்துக்காகப் பிடித்தது, வீம்புக்காகப் பிடித்தது. ஒரு கையெழுத்தை இப்படிக் கைக்குள் பொத்தி வைத்திருந்தவரை இப்போதுதான் பார்த்தாள். லமீஸ் இப்போது எந்தத் திருப்பத்தில் வந்துகொண்டிருப்பாள் என்பது மட்டும் மனசில் ஓடியது.

திரையில் ஒரு வரி தடித்து வந்தது.

“வந்துருச்சு பாய்” என்றார் கமலக்கண்ணன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார்போல நிமிர்ந்து நின்று படித்தார்.

“அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க கேட்ட கொட்டாங்கச்சிப் பொத்தானுக்குப் பணம் வந்துருச்சு. பயப்படாதீங்க, உங்க காசு எங்கயும் போகல, இது பொய்க் கார்டு. மூஞ்சி தெரியாதவன்கிட்ட எவன் காசு குடுப்பான்னு கேட்டீங்கல்ல? இப்ப நீங்களே குடுத்துட்டீங்க. நம்ம கடைக்கு நீங்கதான் முதல் கஸ்டமர்...”

கதவு சுவரில் மோதித் திறந்தது.

“எங்க அவன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் லமீஸ். மூச்சு வாங்கியது. பின்னால் ஓடிவந்த பாவாடை அவளுடைய துப்பட்டாவைப் பிடிக்கப் போவதுபோலக் கையை நீட்டி, பிடிக்காமல் நின்றுவிட்டான். அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

லமீஸ் பார்த்தது ஒரு முதுகை. அந்த முதுகின் சட்டையை அவள்தான் தோய்த்து இஸ்திரி போட்டிருந்தாள்.

கமலக்கண்ணன் படிப்பதை நிறுத்தியிருந்தார். பெரியவர் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் அது போய்விடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? மீதியைப் படிங்க” என்றார்.

கமலக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வாரம் படித்தவர் இன்று லமீஸுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

லமீஸ் மெதுவாக முன்னால் வந்தாள். திரையைப் பார்த்தாள். முதல் சொல்லிலேயே அவள் உதடு மடங்கியது. எதிரியைத் தேடி மூன்று மாதம் அந்தக் கடைக்குள் குடியிருந்தவள், இந்த ஒரு அறையை மட்டும் திறந்து பார்த்ததில்லை. அத்தாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

“லமீஸ் உங்களுக்குப் பின்னாடி நின்னு சிரிச்சுகினு இருப்பா. அவளைத் திட்டாதீங்க. கடிதம் எழுதறதுதான் நான். பார்சல் கட்டறது, எண்ணறது, முடிச்சுப் போடறது எல்லாம் அவ. எனக்கு எண்ணிக்கை தப்பும்னு உங்களுக்குத் தெரியும்...”

குரல் அறுந்தது. மகளின் குரல் என்று தெரிந்த பிறகும் பெரியவர் திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் போய், நாற்காலி முதுகில் இருந்த அவள் விரல்களைத் தேடிப் பிடித்தது.

“...நம்பிக்கை வந்துச்சுன்னா பாரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கத்தா. வரலைன்னாலும் பரவால்ல. இன்னொரு தடவை அழுத்திப் பாருங்க. எத்தனை தடவை அழுத்தினாலும் நான் பதில் போடுவேன். ரிஹான்.”

பாவாடை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆதிலட்சுமி தன் கையிலிருந்த காலண்டர் தாளைச் சின்னதாக, அதைவிடச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

“அத்தா” என்றாள் லமீஸ். “லியோன் ஆர்டர் போனாப் போவட்டும். கையெழுத்து வேணாம். கடை இப்படியே இருக்கட்டும். நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அழுத்துங்க.”

பெரியவர் மௌஸின்மேல் கையை வைத்தார். அம்புக்குறி திரையில் தடுமாறி நடந்து, ‘மீண்டும் வாங்க’ என்ற பொத்தானில் போய் நின்றது. இன்னும் ஒரு விரல் அசைவு மிச்சம். அழுத்தட்டும் என்றுதான் ஆதிலட்சுமிக்குத் தோன்றியது.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“நம்பிட்டேன்டா தம்பி” என்றார் திரையைப் பார்த்து. “போதும்.”

பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, பேனாவுக்காக மகள் பக்கம் கையை நீட்டினார்.